கப்பலின் அடித்தட்டில் ஒரு பெயர்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மீனம்மாள் தேன்குழல் அச்சைத் தேடத் தொடங்கினாள். எட்டேகாலுக்கு அது விண்கலத்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டாள்.

"டேய் விஷ்வா, இது என் அச்சுதானே?"

"ஆமாம்மா. அதுதான் எஞ்சின். அந்த ஓட்டை வழியாத்தான் நெருப்பு வெளிய வரும்."

"நெருப்பு வரட்டும். எனக்கு முறுக்கு எது வழியா வரும்?"

"இன்னைக்கி எதுக்கும்மா முறுக்கு?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று விஷ்வாவுக்குத் தோன்றியது. முறுக்கு யாருக்கும் தேவையில்லை. மதியம் வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான்.

மீனம்மாள் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டாள். பதினைந்து நாளாக அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. தலைப்புக்கு உள்ளே, கழுத்தின் இடப்பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்று மதியம் பன்னிரண்டுக்கு மேல் கிடைக்கும். மதுரையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மூத்தவள் சிந்து நேரில் போய் வாங்கி, டாக்டரையும் பார்த்துவிட்டு, போனில் சொல்வதாக ஏற்பாடு.

இந்த விஷயத்தைப் பற்றிக் கழனிவாசல் வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா, விஷ்வா மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசினார்கள். மற்ற நேரங்களில் மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது.

விஷ்வாவுக்காவது கப்பல் இருந்தது.

சமையலறை அலமாரிகள் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுவது அவன் வேலை. ஓய்வு நேரத்தில் வீட்டுச் சாமான்களை வைத்து, எந்த உலகத்திலும் இல்லாத வானூர்திகளைச் செய்வான். இணையத்தில் அவன் போட்ட அவற்றின் படங்களைப் பார்த்த சென்னைக்காரர்கள், தாங்கள் எடுக்கும் தொடருக்கு ஒரு விண்கலம் செய்து தரச் சொன்னார்கள். திங்கட்கிழமை படப்பிடிப்பு. இன்று நாலு மணி பஸ்ஸில் பார்சல் போயாக வேண்டும்.

இரண்டரை அடி நீளம். உடம்புக்குத் தண்ணீர்க் குழாய், அதன்மேல் டிபன் கேரியரின் இரண்டு அடுக்குகள். முன்மூக்கு ஷாம்பு பாட்டில். வட்டமான இட்லித் தட்டு, சின்னக் கப்பல்கள் வந்து சேரும் துறை. பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்குகள், மிக்சி ஜாடியின் பழைய வாஷர், ஸ்டேப்ளர் பின்னை வளைத்துச் செய்த ஏணி. ஜவ்வரிசிகள் வரிசையாக ஒட்டப்பட்டு ஆணித் தலைகளாகியிருந்தன. ஜன்னல்களுக்கு, இந்தப் பதினைந்து நாளில் வீட்டில் சேர்ந்த மாத்திரை அட்டைகள்.

"இதுக்குள்ள எத்தனை பேரு போவாக?" என்று மீனம்மாள் கேட்டாள்.

"நாப்பது பேரு."

"சமையக்கட்டு எங்குட்டு இருக்கு?"

"சமையக்கட்டு இல்லம்மா. எல்லாரும் மாத்திரைதான் சாப்பிடுவாங்க."

அவள் அந்த மாத்திரை அட்டை ஜன்னல்களைச் சற்று நேரம் பார்த்தாள். "பாவம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

இனி ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. கப்பலின் அடித்தட்டு. டிபன் கேரியரின் மூடிதான் அது. அதில் கப்பலின் பெயரை வெட்டித் தரும்படி அப்பாவிடம் கொடுத்திருந்தான்.

அவனுடைய அப்பா சுந்தரம், கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர். முப்பத்தோரு வருடமாக அதே கடை. கப்பலின் மேல் தகடு தகடாகத் தெரியும் கோடுகளை எல்லாம் போன வாரம் அவர்தான் தன் மிஷினால் வெட்டிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் அப்பாவும் மகனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது விஷ்வாவுக்குப் பிடித்திருந்தது.

இன்று காலை அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கடைக்குப் போய்விட்டார். செய்தித்தாளில் சுற்றிய மூடி மேஜைமேல் இருந்தது. பத்து மணிக்கு விஷ்வா அதைப் பிரித்தான்.

'கார்முகில்' என்று இருக்க வேண்டிய இடத்தில், புள்ளி புள்ளியாக, அப்பாவின் அழகான கையெழுத்தில், இரண்டு வரிகள் இருந்தன.

மீனம்மாள்
நினைவாக

இரண்டு பக்கமும், அவர் எப்போதும் போடும் சின்னப் பூ.

விஷ்வா அதை மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை படித்தபோது எழுத்துகள் அசைவதுபோல் இருந்தது. இறந்தவர்களுக்காகக் காரியத்தன்று உறவினர்களுக்குக் கொடுக்கும் கிண்ணங்களில் வெட்டும் வாசகம் அது. ஊரில் பாதி வீட்டு அலமாரிகளில் இருக்கும். அம்மா பத்தடி தூரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் போனை எடுத்து மூடியைப் படம் பிடித்தான். ஏன் என்று தெரியவில்லை.

"டேய், காப்பி வேணுமா?" அம்மா வாசற்படியில் நின்றாள்.

மூடியைப் பெயிண்ட் படிந்த செய்தித்தாள்களுக்கு அடியில் தள்ளினான். "வேண்டாம்மா. பெயிண்ட் தீந்து போச்சு. வாங்கிட்டு வந்திர்றேன்."

"மூஞ்சி ஏன்டா அப்படி இருக்கு?"

"பெயிண்ட் வாடைம்மா."

அவள் முன்னால் மூடியை மறுபடி எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

* * *

ஆவணி மாதம். பாத்திரக் கடையில் நிற்க இடமில்லை. கொத்தமங்கலத்திலிருந்து வந்திருந்த கல்யாண வீட்டார், அண்டாவையும் குத்துவிளக்கையும் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ஒரு பலகையில் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குவாளி. மிஷின் கையில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

விஷ்வா போனை அவர் முன்னால் நீட்டினான்.

சுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். மிஷினை அணைத்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நீங்கதான்ப்பா."

"நானா?"

"இன்னைக்கிக் காலைல நீங்க மேசையில வச்சிட்டு வந்தீகல்ல, அந்த மூடி."

கடையில் யாரோ ஒரு பெண் எதற்கோ உரக்கச் சிரித்தாள். சுந்தரம் மடியிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"நேத்து நேமத்தான்பட்டி வீட்டுக் காரியத்துக்கு நூத்தியிருபது கிண்ணம்," என்றார் மெதுவாக. "பூராவும் நினைவாக, நினைவாகதான். சாயங்காலம் கடைசியா ஒம் மூடியை எடுத்தேன். கை பாட்டுக்கு ஓடியிருக்கு. நான் திருப்பிப் படிக்கவே இல்ல."

"சரிப்பா. அந்த வார்த்தை அப்படி வந்திருச்சு. அம்மா பேரு எப்படிப்பா வந்துச்சு?"

கேட்டிருக்க வேண்டாம். இன்று இப்படிக் கேட்டுவிட்டு வருந்துவது இது இரண்டாவது முறை.

சுந்தரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு யாருடையதோபோல. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பெயரைக்கூட அந்தக் கை தப்பாக வெட்டியதில்லை என்று கடை முதலாளி மெய்யநாதன் எல்லாரிடமும் சொல்வார்.

"பதினஞ்சு நாளா உள்ளுக்குள்ள அந்தப் பேருதானடா ஓடிக்கிட்டு இருக்கு," என்றார்.

விஷ்வா அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் எதிரே அடுக்கியிருந்த குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடங்களில் இரண்டு பேரும் குட்டையாக, அகலமாகத் தெரிந்தார்கள்.

"அழிக்க முடியுமாப்பா?"

"எவர்சில்வர்ல வெட்டுனதை அழிக்க முடியாது. மேல வேற வெட்டலாம்." சட்டென்று நிமிர்ந்தார். "அது இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுல. பேப்பருக்கு அடியில."

"ஒங்க அம்மா இருக்கிற வீட்டுலயா?"

அவர் எழுந்துவிட்டார். மிஷினைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். மெய்யநாதன், "சுந்தரண்ணே, கொத்தமங்கலம் சாமான் அஞ்சு மணிக்கு ரெடியாகணும்," என்றார். சுந்தரம், "வந்து செய்யிறேன்," என்று சொன்னபடியே படியிறங்கினார். அவர் இப்படிக் கடையை விட்டுப் போனதில்லை. மெய்யநாதன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்று என்ன நாள் என்று அவருக்கும் தெரியும்.

* * *

மேஜை துடைக்கப்பட்டிருந்தது. பழைய செய்தித்தாள்கள் மடித்து மூலையில் வைக்கப்பட்டிருந்தன. கப்பலுக்குப் பக்கத்தில், தரையில், மீனம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூடி அவள் மடியில் இருந்தது.

சுந்தரம் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

"வாங்க," என்றாள் மீனம்மாள். குரல் சாதாரணமாக இருந்தது. "ரிப்போர்ட் ஒங்களுக்கு முன்னாடியே வந்திருச்சாக்கும்?"

"மீனா..."

"சிந்து ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பா. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீகன்னு சொல்லியிருப்பா. சரிதான். எத்தனை மாசமாம்? அதையாவது சொல்லுங்க."

"அம்மா, அப்படி இல்லம்மா," என்றான் விஷ்வா. "சிந்து அக்கா இன்னும் போனே பண்ணல. அப்பா தெரியாம எழுதிட்டாக."

"தெரியாமயா? பூவெல்லாம் போட்டிருக்காகளேடா."

சுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மடியிலிருக்கும் மூடியை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

பன்னிரண்டு தாண்டியும் யாரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒன்றரை மணிக்கு விஷ்வாவின் போன் அடித்தது. திரையில் சிந்துவின் பெயர். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போக எழுந்தான்.

"இங்கயே பேசு," என்றாள் மீனம்மாள். "ஸ்பீக்கர்ல போடு. இனிமே எனக்குத் தெரியாம ஒண்ணும் வேண்டாம்."

போட்டான். மதுரைத் தெரு முழுவதும் வீட்டுக்குள் வந்தது. ஹாரன்கள், யாரோ ஆட்டோவுக்கு வழி சொல்வது.

"டேய், அம்மா பக்கத்துல இருக்காகளா?"

"அம்மாதான்டி. சொல்லு."

விஷ்வா கப்பலின் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படி கோணலாக இருந்தது.

"அம்மா, ஒண்ணும் இல்லம்மா." சிந்துவின் குரல் உடைந்தது. "சாதாரணக் கட்டிதானாம். கேன்சர் இல்ல. டாக்டர் ரெண்டு தடவை சொன்னாக. ஆபரேஷன்கூட வேண்டாமாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தாப் போதுமாம். கேக்குதாம்மா? ஒண்ணும் இல்லம்மா!"

"கேக்குது." மீனம்மாள் தலைப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுக்கொண்டாள். "நீ சாப்பிட்டியாடி?"

சிந்து அழுதுகொண்டே சிரித்தாள். "இல்லம்மா."

"மொதல்ல போயி சாப்பிடு. பொறவு பேசு."

போனை வைத்த பிறகும் மூன்று பேரும் அதே இடத்தில் இருந்தார்கள். சந்தோஷம் என்று உடனே எதுவும் வரவில்லை. விஷ்வாவுக்கு முதலில் பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுந்தரம் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவினார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று.

"தண்ணியை மூடுங்க!" என்று மீனம்மாள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "தொட்டி காலியாகப் போகுது!"

தண்ணீர் நின்றது. இன்னும் சற்று நேரம் கழித்து அவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

மீனம்மாள் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"முப்பத்தோரு வருசமா ஊருக்கெல்லாம் எழுதுறீக. என் பாத்திரத்துல இருக்கிற பேரெல்லாம் எங்க அப்பா தேவகோட்டையில வெட்டிக் குடுத்தது. நீங்க எனக்கு ஒரு தம்ளர்லகூட வெட்டித் தந்ததில்லை. மொத மொதல்ல எழுதுனது இதுதானாக்கும்?"

சுந்தரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. அதற்குள்ளிருந்தே பேசினார்.

"தொலஞ்சு போற சாமானுக்குத்தான் பேரு வெட்டுவாக. நீ எங்க தொலையப் போறேன்னு இருந்துட்டேன்."

மீனம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள்தான் குலுங்கியது. பின்பு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை.

"உசுரோட இருக்கிறவளுக்குப் பூப்போட்டு எழுதியிருக்காக பாருடா! ரெண்டு பூ!"

விஷ்வாவும் சிரித்தான். சுந்தரம் சிரிக்கவில்லை. ஆனால் துண்டை இறக்கிவிட்டார்.

* * *

மணி இரண்டேகால். மூன்றரைக்குப் பார்சல் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அதே அளவில் வேறு மூடி இல்லை.

"நினைவாகங்கிற வரியை மறைச்சிரலாம்," என்றார் சுந்தரம். "மேல நெருக்கமாக் கோடு வெட்டுறேன். காத்து வர்ற சன்னல் மாதிரித் தெரியும். பேரு இருக்கே, அதை என்ன செய்ய?"

"அதையும் மறைச்சிருங்கப்பா."

"எதுக்கு மறைக்கணும்?" என்றாள் மீனம்மாள். சோற்றைப் பிசைந்து விஷ்வாவின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "டிபன் கேரியர் என்னது. இட்லித் தட்டு என்னது. அச்சு என்னது. மிக்சி என்னது. மாத்திரைகூட நான் தின்னதுதான். கோயில்ல ஒரு டியூப்லைட் வாங்கிக் குடுத்தவுக அது மேல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறாக. நான் ஒரு கப்பலே குடுத்திருக்கேன். உபயம்னு போடுங்க."

"அம்மா, இது சினிமாக்காரங்களுக்கும்மா. கப்பல்ல யாராவது உபயம்னு எழுதுவாங்களா?"

"நாப்பது பேரு சோறில்லாமப் போற கப்பலு. அதுல எது வேணும்னாலும் எழுதலாம்."

சுந்தரம் மிஷினைப் போட்டார். 'மீனம்மாள்' என்பதற்கு மேலே 'உபயம்' என்று வெட்டினார். கீழ் வரியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை ஓட்டினார். எழுத்து ஒவ்வொன்றாகக் கோடுகளுக்குள் போய் மறைந்தது. கடைசியில் அங்கே ஒரு வலைச்சன்னல் மட்டும் இருந்தது. அதற்கடியில் 'கார்முகில்'. இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வெட்டினார்.

"பூ ரெண்டும்?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டும்," என்றாள் மீனம்மாள்.

மூடியை ஒட்டிக் காயவைத்தபோது, அவள் மேஜைமேல் கிடந்த ஒரு பேனா மூடியை எடுத்து, பசை தொட்டு, கப்பலின் முதுகில் நட்டு வைத்தாள்.

"என்னம்மா இது?"

"சமையக்கட்டுக்குப் புகைபோக்கி."

"அங்க காத்தே கிடையாதும்மா. புகை எங்க போகும்?"

"அதை உள்ள இருக்கிறவுக பாத்துக்கிருவாக."

விஷ்வா அதைப் பிடுங்கவில்லை. சாம்பல் நிறப் பெயிண்டை அதன்மேலும் ஒரு கை அடித்தான். கப்பலை எல்லாப் பக்கமும் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினான். அடிப்பக்கத்தையும் சேர்த்து.

* * *

ஸ்கூட்டரின் பின்னால் சுந்தரம் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம், "மெதுவா, மெதுவா," என்றார்.

பார்சல் அலுவலகத்தில் இருந்த ஊழியர் பேனாவை எடுத்தார். "உள்ள என்ன?"

"மாடல்," என்றான் விஷ்வா. "ஸ்பேஸ்ஷிப் மாடல்."

பேனா அசையாமல் நின்றது.

"பாத்திரம்னு எழுதுங்க தம்பி," என்றார் சுந்தரம். "எவர்சில்வர்."

ஊழியர் எழுதிக்கொண்டார். பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் போனது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் தாமதமாக பஸ் புறப்பட்டது. அது வளைவில் திரும்பி மறையும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள்.

அப்போது போன் வந்தது. தேனம்மை. அந்தத் தொடருக்குக் கலை வேலைகளைப் பார்க்கும் பெண். பஸ் நிலையத்தின் இரைச்சலில் காதில் விழாததால் விஷ்வா ஸ்பீக்கரில் போட்டான்.

"படமெல்லாம் பார்த்தோம், விஷ்வா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அந்தப் புகைபோக்கி என்னன்னுதான் யாருக்கும் புரியல. ஆனா பிடிச்சிருக்கு."

"தேங்க்ஸ் மேடம்."

"ஒண்ணு மட்டும். அடியில 'உபயம் மீனம்மாள்'னு இருக்கே. டைரக்டர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். அதை எடுக்கணுமா, இல்ல கதையிலயே சேர்க்கணுமான்னு திங்கக்கிழமை கப்பலை நேர்ல பார்த்துட்டுச் சொல்றேங்கிறார். யாருன்னு கேட்டார். யாரு அவங்க?"

விஷ்வா வாயைத் திறப்பதற்குள் சுந்தரம் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போனில் பேசுவதே அவருக்குப் பிடிக்காது. சிந்துவிடம்கூட, "ம், இந்தா ஒங்க அம்மாகிட்ட பேசு," என்பதோடு முடித்துக்கொள்வார். இப்போது போனை வாய்க்கு நேராகப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரிம்மா," என்றார். பிறகு, பஸ் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"நல்லா இருக்கா."